நாற்பதாம் நாளும் போகாதவர்கள்

வெர்க்னியார்
ஜூன் 17, 1999

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய அக்கா கிளாவ்தியா சவேலியெவ்னா அவர்களுக்கு, தம்பி வெனியமீன் தலை வணங்கி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் லிதியாவும் என் இரத்த அழுத்தமும் ஒரே கூரையின் கீழ் ஓரளவு சமாதானமாக இருக்கிறோம். அங்கே உன் முழங்கால் எப்படி இருக்கிறது, வோல்காவில் தண்ணீர் வடிந்ததா, போன கடிதத்தில் நீ எழுதிய ஆடு குட்டி போட்டதா என்று அறிய ஆவல். மே விடுமுறையில் தோட்டவீட்டில் எட்டு வரிசை உருளைக்கிழங்கு நட்டோம். மூன்றாம் மாடி ஜினயீதா உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். உன் தம்பி பெண்டாட்டி லிதியா முத்தம் அனுப்புகிறாள். மரியாதைகள் இத்துடன் முடிந்தன. இனி விஷயத்துக்கு வருகிறேன் அக்கா. விஷயம், நீ பார்த்து வைத்த மாப்பிள்ளை.

நீ உடனே அர்காதிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். நீளமாக வேண்டாம், இரண்டு சொல் போதும்: "பூட்டுப் போடு." நான் சொன்னால் கேட்பதில்லை, லிதியா சொல்லவே மாட்டாள், ரிம்மா அவன் பெண்டாட்டி ஆகிவிட்டதால் இப்போது என் மகளாக இருக்க அவளுக்கு நேரமில்லை. நீ சொன்னால் கேட்பான். ஜரெச்யே ஸ்டேஷனில் டிக்கெட் கவுன்டரில் உன் பக்கத்து நாற்காலிக்காரி நீனாவின் மகன், குடிக்க மாட்டான், கணக்கில் புலி என்று நீதானே சொன்னாய்? குடிக்க மாட்டான் என்பது உண்மைதான். குடிக்கிறவன் மறுநாளாவது தெளிவான் அக்கா. இவன் ஆறு வருஷமாகத் தெளியவில்லை. ஆகஸ்ட் முடிவதற்குள் இவன் பூட்டுப் போடாவிட்டால் செப்டம்பரில் என் மகளையும் கூட்டிக்கொண்டு ஹானோவர் போய்விடுவான். ஹானோவர் ஜெர்மனியில் இருக்கிறது. பஸ் கிடையாது.

இந்தக் கடிதத்தை நான் அவனுடைய கம்ப்யூட்டரிலேயே, ஒரே விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். உருளைக்கிழங்குக்கு மண் அணைக்க மூவரும் தோட்டவீட்டுக்குப் போய் இன்றோடு ஐந்து நாள். நான் இடுப்பு வலி என்று சொல்லிவிட்டேன். என் கையெழுத்தைப் பார்த்து, கோழி கிளறியது போல் இருக்கிறது என்று நீ நாற்பது வருஷமாகச் சொல்கிறாயே, அதற்காக இல்லை. அவன் எழுதிய இந்தச் சனியன் பிடித்த கம்ப்யூட்டர் நிரலில் ரகசியச் சொல் போட்டு மூட ஒரு வழி இருக்கிறது. அந்தச் சொல் தெரியாமல் எவனும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. நாளுக்கு ஒரு சொல்லாக மாற்றி மாற்றிப் போட்டு மூடுகிறேன். என்னைத் துண்டு துண்டாக வெட்டினாலும் அது வெளியே வராது. இதில் கவனி: அடுத்தவன் கடிதத்துக்குப் பூட்டுச் செய்யத் தெரிந்தவனுக்குத் தன் பிழைப்புக்குப் பூட்டுப் போடத் தெரியவில்லை!

ஆதியிலிருந்து சொல்கிறேன். தொண்ணூற்று மூன்றில் ஆலையில் எட்டு மாதம் சம்பளம் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஒன்பதாம் மாதம் சம்பளத்துக்குப் பதில் சரக்கு கொடுத்தார்கள். டிராக்டர் ஆலை எதற்கு வாணலி வார்த்தது என்று கேட்காதே, வார்த்தது. எனக்கு நாற்பது வாணலி. கணக்கீட்டுக் கூடத்தில் வேலை பார்த்த அர்காதியை, வாணலி வேண்டுமா, மூலையில் கிடக்கும் கம்ப்யூட்டர் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். வாணலியிலாவது முட்டை பொரிக்கலாம். இவன் கம்ப்யூட்டரைக் கட்டித் தழுவி, பனிச்சறுக்கு வண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு வந்தான். இரண்டு அறை வீட்டில் அதை எங்கே வைப்பது? கண்ணாடி அடைத்த பால்கனியில் வைத்தான். அக்கா, அது என் பால்கனி. அங்கேதான் குளிர்காலத்து உருளைக்கிழங்கும் உப்பு வெள்ளரிக்காய் ஜாடிகளும் என் மீன்பிடி நாற்காலியும் இருந்தன. அந்த இயந்திரம் விட்ட சூட்டில் ஜனவரி மாதம், வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி பனியில், என் உருளைக்கிழங்கு முழுவதும் வசந்தம் வந்துவிட்டதென்று நினைத்து முளை விட்டது.

சரி, அதைப் பொறுத்தேன். நாற்பது வாணலியையும் சந்தையில் விற்க லிதியாவின் தம்பிக்கு அனுப்பலாம் என்று பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தேன். பொதிகட்டும் பிரிவில் முப்பத்தொரு வருஷம் மேஸ்திரியாக இருந்தவன் கட்டினால் அந்தப் பெட்டிக்குள் காற்றுகூட அனுமதிச் சீட்டு இல்லாமல் போகாது. மூடியின் மேல் விவரம் எழுதும்போது இவன் கையில் சூப்புக் கரண்டியோடு வந்து நின்றான். முகம் தொங்கியிருந்தது. ஆலையின் வரைபடம் ஒன்றை ஃப்ளாப்பியில் ஏற்ற வேண்டுமாம், அது ஐந்து ஃப்ளாப்பிக்கு வழிகிறதாம், கையில் ஒன்றுதான் இருக்கிறதாம்.

"மாமா, மூடி மேல என்ன எழுதறீங்க?"

"படிக்கத் தெரியாதா? வாணலி, நாற்பது."

"அவ்வளவுதானா?"

"பின்ன? வாணலி, வாணலி, வாணலின்னு நாற்பது தடவை எழுதச் சொல்றியா? மூடியில இடம் பத்த வேணாமா? ஒரு தடவை எழுதி, பக்கத்துல எண்ணைப் போட்டா முடிஞ்சது."

"எல்லாம் ஒரே சாமானா இல்லாம, கலந்து இருந்தா?"

"முன்ன வந்ததே திரும்ப வந்தா 'மேற்படி'ன்னு போடு. மூணாவது வரியில இருக்கிறது பத்தாவது வரியில வந்தா 'மூணாவது வரி மேற்படி'. டிராக்டரையே பிரிச்சு அப்படித்தான்டா கியூபா வரைக்கும் அனுப்பினோம். போய் சூப்பைக் குடி, ஆறிடும்."

இவன் சூப்பைக் குடிக்கவில்லை. "மேற்படி, மேற்படி" என்று முனகிக்கொண்டே பால்கனிக்குள் போனவன் பதினோரு நாள் கழித்து வெளியே வந்தான். ஐந்து ஃப்ளாப்பிச் சரக்கு ஒன்றில் அடங்கிவிட்டது. பட்டறையில் இரும்பைக் கவ்வி இறுக்குமே, அந்தக் கருவியின் பெயரையே வைத்தான்: தீஸ்கி. ஆகவே அக்கா, இன்று உலகம் முழுக்க ஓடுகிற தீஸ்கியைக் கண்டுபிடித்தவன் யார் என்று உன் மனசாட்சியைக் கேள். இதை நான் வீட்டில் சொன்னால் லிதியா என்ன சொல்கிறாள் தெரியுமா? "நீங்க கண்டுபிடிச்சது வாணலி கட்டறதை. அது ஆதாம் காலத்துலேர்ந்து இருக்கு."

அதற்குப் பிறகுதான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. இந்த மாதிரி நிரலை அவர்கள் பாஷையில் 'அர்ஹீவேட்டர்' என்கிறார்கள். லிதியாவால் அதைச் சொல்ல முடியவில்லை. மாடிப்படியில் ஜினயீதாவிடம், "எங்க மாப்பிள்ளை வீட்டுலயே ஒரு அர்ஹீவ் ஆரம்பிச்சிருக்கார்" என்று பெருமை பேசியிருக்கிறாள். நம் ஊரில் அர்ஹீவ் என்றால் வேறென்ன? பழைய காகிதமெல்லாம் கிடக்கிற அரசாங்க இடம். பென்ஷனுக்கு, இன்ன வருஷம் இன்ன இடத்தில் வேலை பார்த்தார் என்று முத்திரை குத்திச் சான்றிதழ் தருகிற இடம். அந்த வருஷம்தான் ஆலையின் பதிவேட்டு அறைக் கூரை ஒழுகி, பாதி ஊரின் வேலைக்காலம் கூழாகிப் போயிருந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்குக் கதவைத் திறக்கிறேன், படிக்கட்டில் மூன்றாம் மாடி வரை வரிசை. உள்ளங்கையில் பேனாவால் எண் எழுதிக்கொண்டு நிற்கிறார்கள். ஜினயீதாவின் கையில் ஒன்று.

"சவேலிச், எழுபத்து நாலுலேர்ந்து எழுபத்தேழு வரைக்கும் நான் வார்ப்படப் பிரிவுல இருந்தேன். மூணு வருஷம் காணோங்கிறாங்க. எடுத்துக் குடுங்க."

"ஜினயீதா, இது அந்த அர்ஹீவ் இல்ல. இது... சாமானைச் சின்னதாக்குற அர்ஹீவ்."

"ஏற்கெனவே என் பென்ஷனைச் சின்னதாக்கிட்டாங்க. பெரிசாக்கத்தான் வந்திருக்கேன். நகருங்க."

நான் கதவைச் சாத்தப் பார்த்தேன். நீ பார்த்து வைத்த மாப்பிள்ளை என்ன செய்தான் தெரியுமா? "இருங்க மாமா, பழைய சம்பளப் பட்டியல் எல்லாம் எங்க கூடத்து நாடாவுல இருக்கும்" என்று சொல்லி, குப்பைக்குப் போகவிருந்த காந்த நாடாக்களைக் கூடத்திலிருந்து மீட்டு, இருபது வருஷத்துச் சம்பளப் பட்டியலையும் தீஸ்கியால் இறுக்கி ஏழு ஃப்ளாப்பியில் போட்டுவிட்டான். ஆலை அலுவலகத்தில் அதை அச்சடித்து முத்திரையும் குத்தினார்கள். ஜினயீதாவுக்கு மூன்று வருஷம் திரும்பிக் கிடைத்தது. அதோடு போயிற்றா? அடுத்த பிப்ரவரி வரைக்கும் என் நடைக்கூடத்தில் ஈர பூட்ஸ்கள் காயவில்லை. யாரிடமாவது காசு வாங்கினானா? ஜாம் வாங்கினான். நாங்கள் இன்னும் அந்த ஜாமைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

தொண்ணூற்றைந்தில் கம்பெனியாகப் பதிவு செய்யப் போனான். துணைக்கு நானும் போனேன். கவுன்டரில் இருந்த அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "என்ன தயாரிக்கிறீங்க?" என்றாள்.

"நிரல்."

"அப்படின்னு பட்டியல்ல ஒண்ணும் இல்ல. அது என்ன செய்யும்?"

"இருக்கிறதைச் சின்னதாக் கட்டும்."

"கட்டும்னா பொதிகட்டும் பொருள். பதினேழாவது பிரிவு. அடுத்தவங்க வாங்க."

இவன் வாயைத் திறப்பதற்குள் முத்திரை விழுந்துவிட்டது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், நம் தொழில் ஆயிற்றே. ஆனால் மூன்றாவது வாரம் தீயணைப்பு ஆய்வாளர் வந்து நிற்கிறார், அட்டைப்பெட்டிக் கிடங்கு எங்கே என்று. பால்கனியைக் காட்டினோம். கம்ப்யூட்டரைச் சுற்றி வந்தார், உருளைக்கிழங்கைக் கிளறிப் பார்த்தார், பதினேழாவது பிரிவென்றால் மணல் பெட்டி ஒன்று, மண்வெட்டி ஒன்று, கொக்கி ஒன்று, எல்லாம் சிவப்பு வர்ணத்தில் இருக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அந்த மணல் பெட்டி இன்றும் பால்கனியில் இருக்கிறது. ஏற்கெனவே குறுகிப்போன என் இடத்தில் மீதியையும் அதுதான் தின்றது. ஊருலகத்துச் சாமானையெல்லாம் சின்னதாக்கும் கம்பெனி, அக்கா, என் வீட்டில் அது மட்டும் பெரிதாகிக்கொண்டே போகிறது.

இப்போது அந்த நாற்பது நாள் விவகாரம். நிரலை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளட்டும், பயன்படுத்திப் பார்க்கட்டும், பிடித்தால் பணம் அனுப்பட்டும் என்றான். எத்தனை நாள் விடுவது என்று தெரியவில்லை. அன்றைக்கு எங்கள் பிரிவு மக்கார் செத்து நாற்பதாம் நாள். தேன் கலந்த கோதுமைச் சோறும் அப்பமும் முடித்து வந்து உட்கார்ந்திருந்தோம். லிதியா சொன்னாள்: "நாற்பது நாள் குடு. அதுவரைக்கும் ஆத்மாகூட வீட்டைச் சுத்திக்கிட்டேதான் இருக்கும். நாற்பதாம் நாள் யாரும் பிடிச்சுத் தள்ளாம தானே கிளம்பிடும்." நாற்பது என்றே வைத்தான். நானும் நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். ஆனால் நாற்பதாம் நாள் அந்த நிரல் தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டாமா? இவன் அதைச் செய்யவில்லை! திரையில் ஒரு சின்ன ஜன்னல் மட்டும் வரும், "நாற்பது நாள் ஆகிவிட்டது, தயவுசெய்து" என்று பல்லைக் காட்டும், மூடினால் போய்விடும், நிரல் பாட்டுக்கு வேலை செய்யும். மக்கார் போய்விட்டான். இவர்கள் ஒருவரும் போகவில்லை. பணமும் தரவில்லை.

அந்த ஜன்னலில் இருப்பதையாவது நான் எழுதுகிறேன் என்று சண்டை போட்டு வாங்கினேன். தொண்ணூற்றாறிலிருந்து வருவது என் வாசகம். முப்பத்தொரு வருஷம் லாரி டிரைவர்களை மிரட்டியவன் எழுதியது: "குடிமகனே! நாற்பது நாளாக எங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரிகிறாய். செத்தவன் ஆத்மாவே இன்று காலி செய்துவிடும். நீ இன்னும் உட்கார்ந்திருக்கிறாய். வெட்கமிருந்தால் பணம் அனுப்பு." கீழே இரண்டு பொத்தான். ஒன்று 'அனுப்புகிறேன்'. இன்னொன்று 'வெட்கமில்லை'. இதைப் படித்துவிட்டு எந்த மானமுள்ள மனிதன் இரண்டாவதை அமுக்குவான் என்று நினைத்தேன்.

எல்லோரும் அமுக்குகிறார்கள் அக்கா. உலகம் முழுக்க அமுக்குகிறார்கள். அந்த ஜன்னல் வந்த பிறகுதான் தீஸ்கி காட்டுத்தீயாகப் பரவியது. ஒருவனுக்கு ஒருவன் ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுக்கிறானாம், "நாற்பது நாள் பொறு, ஒரு கிழவன் வந்து திட்டுவான் பார்" என்று சொல்லி. போலந்தில் மொழிபெயர்த்துவிட்டார்கள். பிரேசிலிலிருந்து ஒருவன் என் வாசகத்தைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு படம் அனுப்பியிருக்கிறான். பணத்தைத் தவிர எல்லாம் வருகிறது. அஸ்த்ரகானிலிருந்து கருவாடு வந்தது. பாஷ்கீரியாவிலிருந்து ஒரு பள்ளிக்கூடம் தேன் அனுப்பியது. வோலக்தாவிலிருந்து இடது காலுக்கு மட்டும் ஒரு கம்பளி பூட்ஸ் வந்தது, வலது கால் அடுத்த பதிப்பு வந்தபின் அனுப்பப்படும் என்ற குறிப்புடன். பால்கனியில் கம்ப்யூட்டருக்கு மேலே கருவாடு தொங்குகிறது. தபால்காரி என்னைப் பார்த்தாலே "வெட்கமில்லை சவேலிச், ஒரு கையெழுத்து" என்கிறாள்.

இதில் உன்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், மன்னித்துக்கொள். போன மாதம் நீனா அர்காதிக்கு எழுதியிருக்கிறாள், உங்கள் டிக்கெட் கவுன்டரிலும் மூன்று வருஷமாகத் தீஸ்கிதான் ஓடுகிறது, தினம் காலையில் நீயே உன் கையால் 'வெட்கமில்லை' அமுக்குகிறாய் என்று. கூடப் பிறந்தவள்! ஸ்டேஷன் ஒலிபெருக்கியில் இருபது வருஷம் அறிவிப்புச் செய்தவள்! உன் தம்பி எழுதியது என்று தெரிந்துமா அக்கா?

பூட்டுப் போடச் சொல்லி நான் அவனிடம் எத்தனை தடவை மன்றாடியிருப்பேன். போன ஞாயிறுகூட முட்டைக்கோஸ் சூப்பு முன்னால் ஆரம்பித்தேன்.

"ஏண்டா, காசு குடுக்காதவன் பெட்டியைத் திறக்க முடியாதபடி பண்ணா என்ன கேடு?"

"மாமா, அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்கும்னு நமக்கென்ன தெரியும்? ஒருத்தன் புள்ளையோட படம் வச்சிருப்பான். ஒருத்தி செத்துப்போன அம்மா எழுதின கடுதாசி வச்சிருப்பா. அவ கையில காசில்லேன்னு அம்மாவை நான் பூட்டி வச்சுக்கவா?"

"அவ அம்மாவைப் பத்தி யோசிக்கிறியே, உன் பொண்டாட்டியோட அப்பனைப் பத்தி யோசிச்சியா?"

"உங்களுக்கென்ன மாமா?"

எனக்கென்ன என்று கேட்கிறான்! லிதியா உடனே புளித்த பாலேட்டைப் பெரிய கரண்டியாக எடுத்து அவன் தட்டில் போட்டாள். அவள் யார் பக்கம் என்பது அந்தக் கரண்டியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ரிம்மா ஜெர்மன் படிக்கிறாள். என் வெள்ளரிக்காய் ஜாடி, உப்புக் கிண்ணம், கதவு, குழாய் எல்லாவற்றிலும் சின்னச் சின்னத் துண்டுக் காகிதத்தில் ஜெர்மன் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறாள். தோட்டவீட்டுக்குக் கிளம்பும்போது என் மீன்பிடி நாற்காலியிலும் ஒன்று. என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாமலே அதன் மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

ஹானோவரில் ஒரு நிறுவனம். தீஸ்கியை விற்கும் உரிமையைக் கேட்கிறார்கள், ஆளையும் கேட்கிறார்கள். மாதச் சம்பளம், மூன்று அறை வீடு. அர்காதி சொன்னது இதுதான்: "இங்கயே வருமானம் வந்தா எதுக்குப் போகணும் மாமா? வரலியே." நியாயம்தானே. பூட்டுப் போட்டால் பணம் வரும். பணம் வந்தால் போக வேண்டாம். இவ்வளவு நேர்கோடான விஷயம் கணக்கில் புலிக்குப் புரியவில்லை. அவர்கள் போய்விட்டால் என் பால்கனி எனக்குத் திரும்பக் கிடைக்கும் என்று லிதியா என்னைச் சமாதானப்படுத்துகிறாள். கிடைக்கும். நாற்காலியைப் போட்டு உட்காருவேன். உட்கார்ந்து எதைப் பார்ப்பேன்? காலையில் எழுந்ததும் யாரைத் திட்டுவேன்? லிதியாவைத் திட்ட முடியாது, உனக்கே தெரியும். உன்னிடம் மறைப்பானேன் அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. சந்தையில் விலை போகாமல் திரும்பி வந்த நாற்பது வாணலியும், சிவப்பு மணல் பெட்டியும், ஜாடி முழுக்கப் படிக்கத் தெரியாத பெயர்களுமாக நாங்கள் இரண்டு கிழங்கள் மட்டும் இருப்போம்.

ஆகவே எழுது. கண்டிப்பாக எழுது, உறைக்கிறமாதிரி எழுது. அவர்கள் இன்று மாலை தோட்டவீட்டிலிருந்து திரும்புகிறார்கள், நான் இத்துடன் மூடிப் பூட்டுகிறேன். உன் முழங்காலுக்குப் பிர்ச் இலைக் கட்டு நல்லது, நீராவிக் குளியலில் மெதுவாக அடிக்கச் சொல். ஆட்டுக்கும் அதன் குட்டிக்கும் என் ஆசீர்வாதம். நீனாவுக்கு வணக்கம் சொல், ஆனால் குளிர்ச்சியாகச் சொல். கடவுள் உனக்கு நீண்ட ஆயுளையும், உன் தம்பிக்குக் கொஞ்சம் பொறுமையையும் கொடுக்கட்டும். லிதியாவும் மேற்படி.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள தம்பி,
வெனியமீன் சவேலியெவிச்,
பொதிகட்டும் பிரிவு மேஸ்திரி (ஓய்வு)

பி.கு.: ஜூன் 21. இந்தப் பகுதியைக் கையால் எழுதுகிறேன், கோழி கிளறினாலும் பரவாயில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் என் ஒற்றை விரலால் கெட்டேன். நாளுக்கு ஒன்றாகச் சொல்லை மாற்றினேன் என்றேன் அல்லவா, கடைசியாகப் போட்டது மறந்துவிட்டது. ரிம்மாவின் பிறந்த நாள், லிதியாவின் தாய்வீட்டுக் குடும்பப் பெயர், ஆலையின் கிடங்கு எண், உன் ஆட்டின் பெயர் எல்லாம் போட்டேன். திறக்கவில்லை. மூன்று நாள் அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்து அழாத குறை. வேறு வழியில்லாமல் அர்காதியைக் கூப்பிட்டேன். அவன் வந்து பார்த்துவிட்டு, "மாமா, அந்தச் சொல் இல்லாம என்னாலயும் திறக்க முடியாது. நான்தான் அப்படிப் பண்ணேன்" என்றான். அஞ்சு நாள் உழைப்பு, அக்கா. என் சொந்தக் கடிதம் எனக்கு இல்லை. "ரொம்ப யோசிக்காதீங்க. கடைசியா மூடினப்ப மனசுல என்ன இருந்துச்சு, அதைத் தட்டுங்க" என்றான். அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவனை வெளியே போகச் சொல்லியிருக்கலாம், அந்தப் புத்தி அப்போது வரவில்லை. தட்டினேன். திரையில் வெறும் புள்ளிகள்தான் தெரியும், ஆனால் ஒரே விரலால் தேடித் தேடித் தட்டுகிறவன் விரல் போகிற இடத்தைப் படிக்க எவனுக்கும் கண்ணாடி வேண்டாம். சொல் இதுதான், இடைவெளி இல்லாமல்: அர்காதிபோகாதே.

பெட்டி திறந்துகொண்டது. அவன் என்னைக் கேட்டுக்கொண்டு, நகத்தில் இன்னும் போகாத தோட்டத்து மண்ணோடு நின்றபடியே கடிதம் முழுவதையும் படித்தான். இரண்டு இடத்தில் சிரித்தான். ஒரு இடத்தில் எழுத்துப் பிழையைத் திருத்தினான். எந்த இடத்தில் மூக்கை உறிஞ்சினான் என்று சொல்ல மாட்டேன். கடைசியில், "பூட்டு ஏன் போடலைன்னு இப்பப் புரியுதா மாமா?" என்றான். புரிந்தது, ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. நேற்று அவனும் ரிம்மாவும் உட்கார்ந்து பேசி, கம்ப்யூட்டர் வழியாகவே ஹானோவருக்கு எழுதிவிட்டார்கள்: நீங்கள் அங்கே விற்றுக்கொள்ளுங்கள், நாங்கள் இங்கேயே கட்டித் தருகிறோம் என்று. பதிலும் வந்துவிட்டது, சம்மதமாம். ரிம்மா ஜாடிகளிலிருந்து காகிதங்களை உரிக்கிறாள். என் நாற்காலியில் இருந்ததை மட்டும் உரிக்க நான் விடவில்லை. "அப்ப என் பால்கனி?" என்று கேட்டேன். "அதை இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணணும் மாமா, கம்பெனி வளருதில்ல" என்கிறான். இனி உயிரோடு இருக்கும்வரை எனக்குப் பால்கனி கிடையாது.

ஆகவே நீ எழுத வேண்டாம். பூட்டும் வேண்டாம். இந்தப் பதினோரு பக்கத்தையும் அவனே அச்சடித்துக் கொடுத்தான், தபால்தலைகூட அவன் செலவு. டிக்கெட் கவுன்டரில் நாளைக் காலை என் ஜன்னல் வந்தால் பேசாமல் 'வெட்கமில்லை' என்பதை அமுக்கிவிட்டு வேலையைப் பார். இந்தக் கடிதத்தைத் திறந்தபோது எனக்கே அந்த ஜன்னல் வந்தது. வீட்டுப் பிரதிக்கு நாங்களும் இதுவரை பணம் கட்டவில்லையாம். நானும் அதைத்தான் அமுக்கினேன்.